விளையாட்டும் எதிர்பார்ப்பும்



விளையாட்டு என்றவுடனே நம் நினைவுக்கு வருவன காலும் கையும், தோளும் மூச்சுமே ஆகும். விரைந்து ஓடுபவனுக்குக் கால்களில் வலிமை மிகுதி என்றும், பளு தூக்குபவனுக்குத் தோள்களில் உரம் மிகுதி என்றும் எண்ணி அவ்வளவில் அமைந்துவிடுகிறோம். இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. உடல் அதே உடல், பயிற்சி அதே பயிற்சி, மைதானமும் அதே மைதானம். எனினும் நேற்று ஓடிய ஓட்டம் இன்று வருவதில்லை. தனிமையில் நூறு தடவை பிசகாமல் செய்த ஒன்று, ஆயிரம் பேர் பார்த்திருக்கச் செய்யும்போது பிசகிவிடுகிறது. இதற்கு மாறாக, பயிற்சியில் ஒருநாளும் எட்டாத உயரத்தைப் பந்தயத்தன்று எட்டிவிடுபவர்களும் உண்டு.

இந்த வேற்றுமைக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளத்தில் இருக்கிறது. உள்ளத்தின் செயல்கள் பலவற்றுள் இன்று நாம் எடுத்துக்கொண்டது எதிர்பார்ப்பு ஒன்றையே. தன்னைப் பற்றித் தானே கொள்ளும் எதிர்பார்ப்பு ஒருவகை; தன்னைப் பற்றிப் பிறர் கொள்ளும் எதிர்பார்ப்பு மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒரு வீரனை எவ்வாறு உந்துகின்றன, எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

1954-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து இஃப்லி சாலை மைதானத்தில், ரோஜர் பானிஸ்டர் என்ற 25 வயது வைத்திய மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடியவர் என்று பதிவுபெற்ற முதல் மனிதர் அவரே. இந்நிகழ்ச்சியைச் சுற்றி ஒரு கதை வளர்ந்திருக்கிறது. அதுவரை மனித உடலால் இது இயலவே இயலாது என்று உலகம் முழுதும் நம்பியிருந்ததாம். பானிஸ்டர் அந்த எண்ணத்தைத் தகர்த்தவுடன், தடை நீங்கியது கண்டு, ஓராண்டுக்குள் எத்தனையோ பேர் மளமளவென்று அதே வேகத்தில் ஓடிவிட்டார்களாம். ஆகவே, 'சுவர் வெளியில் இல்லை, மனத்தில்தான் இருந்தது' என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது சற்று வேறு. 1942 முதல் 1945 வரை ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் என்னும் இருவர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, 4 நிமிஷம் 6.4 விநாடியாக இருந்த உலக சாதனையை 4 நிமிஷம் 1.4 விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பின்னர் அவ்விருவரும் பணம் பெற்று ஓடினார்கள் என்ற காரணத்தால் பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டார்கள். உலகப் போர் ஐரோப்பாவின் மைதானங்களையும் இளைஞர்களையும் பாழாக்கியிருந்தது. அந்தச் சாதனை ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு இவையும் காரணங்கள். பானிஸ்டருக்குப் பின் ஓராண்டு நிறைந்தபோது நான்கு நிமிஷத்துக்குள் ஓடியிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அவரையும் சேர்த்து இரண்டே பேர். 1955-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் லண்டனில் ஒரே பந்தயத்தில் மூவர் ஓடிய பிறகே அத்தொகை ஐந்தாயிற்று. அடைத்து வைத்த மடையைத் திறந்தாற்போல் வெள்ளம் பாய்ந்துவிடவில்லை.

அப்படியானால் உள்ளத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. அது கதையில் சொல்லப்படும் இடத்தில் இல்லை. வேறோர் இடத்தில் இருக்கிறது. பானிஸ்டர் மனித உடல் உழைக்கும் முறையை ஆராய்ந்த மாணவர். நான்கு நிமிஷம் என்பது நுரையீரலுக்கோ இருதயத்துக்கோ தெரிந்த எல்லை அன்று. மைல் என்ற அளவையும் நிமிஷம் என்ற அளவையும் வகுத்த மனிதன் தானே கட்டிக்கொண்ட வட்டமான எண் என்பதை அவர் நன்கு அறிவார். அவரும் அவருடைய நண்பர்கள் கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே ஆகியோரும் கால் மைல் தூரத்தைப் பத்துத் தடவை, இடையில் இரண்டு நிமிஷ ஓய்வுடன், ஓடிப் பழகினார்கள். ஒவ்வொரு கால் மைலுக்கும் ஆகும் நேரம் மாதந்தோறும் குறைந்துவந்து 61 விநாடியில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்குமேல் குறையவில்லை. அப்போது பானிஸ்டரும் பிராஷரும் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, ஸ்காட்லாந்து மலைகளுக்குப் போய்ச் சில நாட்கள் பாறை ஏறிவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடியில் முடித்தார்கள். சில நாட்களில் தசை புதிதாக வளர்ந்துவிடாது. சலித்துப்போன உள்ளம் தெளிந்தது, அவ்வளவே.

பந்தய நாளன்று பிராஷர் முதலிலும், சாட்டவே பின்பும் முன்னே ஓடி வேகத்தை அமைத்துக் கொடுத்தார்கள். நான்கு நிமிஷம் என்ற பெரிய பாரம், ஒரு நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று நான்கு சிறு சுமைகளாகப் பிரிக்கப்பட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான். பானிஸ்டரின் நம்பிக்கை வானத்திலிருந்து இறங்கியதன்று, அடியடியாகச் சேர்க்கப்பட்டது.

இரண்டாவதாக அந்த எல்லையைக் கடந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் லாண்டி. அவர் பல தடவை 4 நிமிஷம் 2 விநாடி அளவில் ஓடி ஓடி, எஞ்சிய இரண்டு விநாடியைக் கடக்க மாட்டாமல், அதனைச் செங்கற்சுவருக்கு ஒப்பிட்டவர். பானிஸ்டர் ஓடிய 46-ஆம் நாள், ஜூன் 21 அன்று, பின்லாந்தில் துர்க்கு நகரத்தில் 3 நிமிஷம் 58 விநாடியில் ஓடி உலக சாதனையையே மாற்றினார். முன்னர் முடியாதது இப்போது எப்படி முடிந்தது? முடியும் என்ற செய்தி ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பந்தயத்தில் சாட்டவே அவரைப் பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டு ஓடியதும் ஒரு காரணம். ஆயினும் பல ஆண்டுப் பயிற்சி அவர் உடலில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடலாகாது. எதிர்பார்ப்பு வலிமையைப் படைப்பதில்லை. படைத்து வைத்த வலிமையைத் திறந்துவிடுகிறது. நாம் இன்று கூறவந்தவற்றுள் முதலாவது இது.

இதை ஒரு சோதனையாலும் காட்டியிருக்கிறார்கள். 2012-இல் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட முடிவு அது. நன்கு பயின்ற ஒன்பது சைக்கிள் வீரர்களை 4 கிலோமீட்டர் தூரத்தைத் தங்களால் இயன்ற முழு வேகத்தில் ஓட்டச் செய்தார்கள். பின்பு அவர்கள் எதிரே ஒரு திரையில் ஓர் உருவத்தைக் காட்டி, 'இது உங்களுடைய முந்தைய ஓட்டமே; இதனோடு போட்டியிடுங்கள்' என்றார்கள். உண்மையில் அந்த உருவத்தின் உழைப்பு அவர்களுடைய முந்தைய உழைப்பைவிட 2 சதவிகிதம் கூடுதலாக அமைக்கப்பட்டிருந்தது. இதை அறியாத வீரர்கள் முன்பு தாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். முழு வேகம் என்று அவர்கள் முன்பு எண்ணியது முழு வேகமாக இல்லை.

இது எப்படி நேர்கிறது? சிக்கனமான இல்லத்தரசி அரிசிப் பானையின் அடியில் எப்போதும் இரண்டு படியை மீத்து வைப்பதைப் போல, மூளையும் உடலின் வலிமையில் ஒரு பங்கை அவசரத்துக்கென ஒதுக்கி வைக்கிறது என்பது சிலர் கொள்கை. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டிம் நோக்ஸ் என்ற வைத்திய அறிஞர் இக்கருத்தை வற்புறுத்தியவர். இதனை மறுப்பவர்களும் உளர். ஆனால் நீண்ட ஓட்டங்களைப் பார்த்த எவரும் ஒன்றைக் கண்டிருப்பார்கள். களைத்துத் தள்ளாடி வருபவன், கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தவுடன் திடீரென்று வேகம் கூட்டுகிறான். தசை முற்றிலும் ஓய்ந்திருந்தால் இது இயலுமா? எல்லை அருகில் வந்துவிட்டது என்று அறிந்ததும், மீத்து வைத்ததை எடுத்துக்கொள்ள மூளை இசைகிறது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பானையில் இருப்பது இரண்டு படிதான். இருபது படி அன்று. கென்யா நாட்டு வீராங்கனை பெய்த் கிப்யேகன் 2023-இல் ஒரு மைலை 4 நிமிஷம் 7.64 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனையைப் படைத்தவர். பெண்ணும் நான்கு நிமிஷத்துக்குள் ஓட முடியும் என்ற உறுதியோடு, 2025-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று பாரிஸ் நகரத்தில் அதற்கென்றே ஏற்பாடு செய்த ஓட்டத்தில் அவர் ஓடினார். காற்றைத் தடுத்து முன்னும் பின்னும் ஓடத் துணைவர்கள் இருந்தார்கள். தனிப்பட முறையில் தைத்த உடையும் காலணியும் இருந்தன. அவருடைய உறுதியில் குறை காண எவராலும் இயலாது. எனினும் 4 நிமிஷம் 6 விநாடியைக் கடந்தே எல்லையைத் தொட்டார். மனம் ஒன்றினாலேயே எல்லாம் ஆகுமாயின் அன்றே அது நடந்திருக்கவேண்டும். நம்பினால் போதும் என்று இளைஞர்களுக்குச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. தோற்றவன் நம்பாதவன் என்ற பழியையும் அது அவன் தலையில் ஏற்றிவிடுகிறது.

இனி, பிறருடைய எதிர்பார்ப்புக்கு வருவோம். 'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. கண்ணேறு கழிப்பதைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று சிலர் நகைக்கலாம். ஆனால் பலருடைய கண்கள் ஒருவன்மீது பதிந்திருப்பது அவனுடைய செயலை மாற்றுகிறது என்ற அளவில், அப்பழமொழி ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறது.

1898-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் இதைச் சோதித்தார். தனியே சைக்கிள் ஓட்டுபவர்களைவிட, மற்றவர்களோடு போட்டியிட்டு ஓட்டுபவர்கள் விரைந்து ஓட்டுவதைக் கண்ட அவர், நாற்பது குழந்தைகளிடம் தூண்டிற் கயிறு சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் மற்றொரு குழந்தையின் அருகிலும் சுற்றச் செய்தார். பாதிக் குழந்தைகள் துணை இருந்தபோது வேகமாகச் சுற்றினார்கள். கால் பங்கினருக்குப் பெரிய மாறுதல் இல்லை. எஞ்சிய கால் பங்கினரோ பரபரப்பு மிகுந்து, தனியே சுற்றியதைவிட மெதுவாகச் சுற்றினார்கள். அருகில் ஒருவர் இருந்ததே ஒரு குழந்தைக்கு ஊக்கம். மற்றொரு குழந்தைக்குத் தடுமாற்றம். யாருக்கு எது ஆகும் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் அறியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டு விளையாட்டு வரலாற்றில் எதிர்பார்ப்பின் பாரத்துக்கு மில்கா சிங் அவர்களைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1947-இல் நாட்டுப் பிரிவினையின்போது பெற்றோரை இழந்து அகதியாக வந்தவர் அவர். 1958-இல் கார்டிப் நகரத்தில் நடந்த காமன்வெல்த் பந்தயங்களில் 440 கெஜ ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1960-இல், ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். நாடே ஒரு பதக்கத்தை எதிர்பார்த்திருந்தது. ஸ்பென்ஸ் 45.5 விநாடியில் மூன்றாவதாக வந்தார். மில்கா சிங் 45.6 விநாடியில் நான்காவதாக வந்தார்.

ஓட்டத்தின் பிற்பாதியில், இவ்வளவு வேகம் தாங்காதோ என்ற எண்ணம் தோன்றித் தாம் சற்றே தளர்ந்ததாகவும், பக்கத்தில் ஓடியவர்களைக் கண்ணோட்டம் விட்டதாகவும் அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கணம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. 2021-இல் அவர் மறையும்வரையில் அவரைக் கண்டவர்கள் கேட்ட கேள்வியும் அதுவாகவே இருந்தது. ஆனால் நேயர்களே, மற்றொரு கணக்கையும் பாருங்கள். ரோமுக்கு முன் நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் 400 மீட்டரை 45.9 விநாடிக்குக் குறைவாக ஓடியவர் இல்லை. மில்கா சிங் அந்த அளவையும் கடந்து ஓடினார். அவர் அன்று ஓடிய நேரம் ஏறத்தாழ 38 ஆண்டுகள், 1998 வரை, தேசிய சாதனையாக நின்றது. அதற்கு முந்தைய ஒலிம்பிக் ஒவ்வொன்றிலும் தங்கம் பெற்றவரைவிட விரைந்து ஓடிய ஒருவரை நாம் தோற்றவர் என்று அறுபது ஆண்டுகள் பேசினோம். தோல்வி ஓட்டத்தில் இருந்ததா, நம் எதிர்பார்ப்பில் இருந்ததா?

இன்னும் அண்மையில், சச்சின் டெண்டுல்கர் அவர்கள் 2011-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று நாகபுரியில் தம்முடைய 99-ஆவது சர்வதேச சதத்தை அடித்தார். டெஸ்ட் பந்தயச் சதங்களையும் ஒருநாள் பந்தயச் சதங்களையும் கூட்டி நூறு என்று எண்ணுவது கிரிக்கெட் விதிகளில் எங்கும் இல்லை. ரசிகர்களும் பத்திரிகைகளும் உண்டாக்கிய கணக்கு அது. ஆயினும் அவர் ஆடவரும் ஒவ்வொரு நாளும் அந்த நூறாவது சதத்தையே நாடு கேட்டது. லண்டன் ஓவல் மைதானத்தில் 91, மும்பையில் 94 என்று அருகில் வந்து அருகில் வந்து ஆட்டமிழந்தார். 2012-ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று மிர்பூரில் அது நிறைவேறும்வரை ஓராண்டும் நான்கு நாட்களும் கழிந்தன. அந்த இடைவெளி முழுவதற்கும் உள்ளமே காரணம் என்று சொல்லிவிட இயலாது. பந்துவீச்சும் வயதும் ஆட்டத்தின் இயல்பும் உண்டு. ஆனால் 99 சதங்கள் அடித்த கைகளுக்கு இன்னும் ஒரு சதம் அடிக்கத் தெரியாமல் போய்விடவில்லை என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

தேர்ந்த கைகள் இவ்வாறு தடுமாறுவது ஏன்? கோலம் போடும் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் தனியே போடும்போது மாவு விரல்களிலிருந்து தானாகவே இழையாக ஒழுகுகிறது. புள்ளிகளை எண்ணுவதுகூட இல்லை. ஆனால் பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்க, 'பிசகிவிடக் கூடாதே' என்று ஒவ்வொரு விரலையும் கவனித்துப் போட்டால் இழை நடுங்குகிறது. நெடுநாள் பழக்கத்தால் உடலிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையை, அச்சத்தால் அறிவு மீண்டும் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. அறிவுக்கு அந்த வேலை இப்போது தெரியாது, ஆகையால் கெடுத்துவிடுகிறது. சோதனைகளிலும் இது கண்டறியப்பட்டது. காற்பந்தைக் காலால் தட்டிச் செல்லும்போது தம் காலின் அசைவையே கவனிக்கும்படி சொன்னால், தேர்ந்தவர்களின் ஆட்டம் கெடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் துணை செய்கிறது. ஆகவே பயிற்சியின்போது, 'காலைப் பார், கையைப் பார்' என்பது நல்ல அறிவுரை. பந்தயத்தின்போது அதுவே தீய அறிவுரை.

மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் சொற்களோடு மல்லாடும் நமக்கு, இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிய எண்ணம் எழுகிறது. தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்பதும் நம்பிக்கை. 'எனக்கு இது கிடைத்துவிடும்' என்பதும் நம்பிக்கை. முன்னது செயலைப் பற்றியது; பின்னது பலனைப் பற்றியது. செயல் வீரனுடைய கையில் இருக்கிறது. பலனோ எதிரியின் கையிலும், காற்றின் கையிலும், நடுவரின் கையிலும் பாதி இருக்கிறது. முதல் நம்பிக்கை அவன் கவனத்தை அடுத்த அடியில் நிறுத்துகிறது. இரண்டாவது நம்பிக்கை அவன் கண்ணைப் பதக்க மேடைக்கு இழுத்துப் போகிறது. ஓடும்போது கண் மேடையில் இருந்தால் கால் எங்கே இருக்கும்?

இந்த வேற்றுமையை உணர்ந்து வென்றவர் ஒருவரைச் சொல்வோம். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றும் ஏழாவதாகவே வந்தார். அதன்பின் அவர் தம் குறியைப் பழக்கியதோடு நிற்காமல், அச்சத்தோடு பழகவும் கற்றுக்கொண்டார். ஜெர்மனியில் ஏறத்தாழ 40 அடி உயரமுள்ள ஒரு கம்பத்தின்மேல் ஏறி நிற்கப் பயின்றார். நடுக்கம் வராமல் தடுப்பது அன்று அவர் நோக்கம். நடுக்கம் வந்தபோதும் செய்யவேண்டியதைச் செய்வதே நோக்கம். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில், கடைசித் தோட்டாவுக்கு முன் அவரும் பின்லாந்து வீரர் ஒருவரும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8 புள்ளி சுட்டார், மற்றவர் 9.7 சுட்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். தனிப்பட்ட பந்தயம் ஒன்றில் இந்தியருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

கம்பம் ஏறுவது எல்லார்க்கும் இயலாது. எளிய வழியும் உண்டு. 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 24 பேரைக் களைத்து ஓயும்வரை நிலைச் சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, தமக்குத் தாமே ஊக்கம் சொல்லிக்கொள்ளும் சிறு சொற்றொடர்களை இரண்டு வார காலம் பழக்கினார்கள். அவர்கள் முன்னைவிட ஏறத்தாழ 18 சதவிகிதம் கூடுதலான நேரம் மிதித்தார்கள். பழகாதவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. தன் உள்ளத்தோடு பேசுவதும் ஒரு பயிற்சியே. அதையும் நாள்தோறும் செய்தால்தான் பலிக்கும்.

இவ்வளவும் கேட்டபின், இவை பெரிய வீரர்களின் கதைகள்தாமே, நமக்கென்ன என்று தோன்றலாம். தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் நேரான தொடர்பு இருக்கிறது. பிறந்த ஊரைவிட்டு வந்த பெற்றோர் தங்கள் உழைப்பு முழுவதன் பலனையும் பிள்ளைகளிடமே காண விழைகிறார்கள். அது இயற்கை. ஆனால் அதனால் நம் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கும்போது இரண்டு எதிர்பார்ப்புகளைச் சுமந்துகொண்டு இறங்குகிறார்கள்.

ஒன்று, 'மதராசிப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள், களத்தில் சோனிகள்' என்று அக்கம்பக்கத்தில் வழங்கும் பேச்சு. கேலியாகச் சொல்லப்படுவதாயினும் இத்தகைய முத்திரைகள் காதில் விழுவதோடு நிற்பதில்லை. 1999-இல் அமெரிக்காவில் மாணவர்களைக் கோல்ப் பந்தை அடிக்கச் செய்து ஒரு சோதனை நடத்தினார்கள். 'இது இயற்கையான உடல் திறமைக்குச் சோதனை' என்று சொன்னபோது வெள்ளை மாணவர்கள் மோசமாக ஆடினார்கள்; 'இது விளையாட்டு அறிவுக்குச் சோதனை' என்றபோது கறுப்பு மாணவர்கள் மோசமாக ஆடினார்கள். பந்து ஒன்றே, தூரம் ஒன்றே. தங்கள் இனத்தைப் பற்றி ஊர் சொல்லும் குறை நினைவுக்கு வந்தவுடன் கை தளர்ந்தது. முத்திரையின் வலிமை இத்துணை என்று அளவிடுவதில் பிற்கால ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், 'நமக்கெதற்கு விளையாட்டு, படிப்புத்தானே நம் சொத்து' என்று வீட்டிலும் நாம் அதே முத்திரையைக் குத்தினால், பிள்ளைக்கு வேறு புகலிடம் ஏது?

இந்த முத்திரை பொய் என்பதற்குச் சான்றுகள் வேண்டிய மட்டும் உள்ளன. சேலம் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே விபத்தில் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா அவர்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு விநாடியில் பதக்கத்தை இழந்தார். தேசிய சாதனையாகிய அந்த நேரத்தை 39 ஆண்டுகள் இந்தியப் பெண்கள் எவரும் எட்டவில்லை. 2023-இல் ஹாங்ஜோ ஆசியப் பந்தயங்களில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடியில் ஓடினார். பின்னர் இறுதிப் பந்தயத்தில் வெண்கலமும் பெற்றார்.

இரண்டாவது சுமை இதற்கு நேர் எதிரானது. பிள்ளை பள்ளியில் ஒரு கோப்பை வாங்கி வந்துவிட்டால், அன்று முதல் அது குடும்பத்தின் மானமாகிவிடுகிறது. ஊரிலுள்ள உறவினர்க்கெல்லாம் செய்தி போகிறது. அடுத்த பந்தயத்தில் அவன் ஓடுவது தன் காலால் மட்டுமல்ல. அப்பாவின் பெருமையையும் அம்மாவின் வேண்டுதலையும் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். மில்கா சிங் போன்ற மலையையே ஒரு கணம் அசைத்த பாரம், பன்னிரண்டு வயதுக் குழந்தையை என்ன செய்யும்? பல பிள்ளைகள் தோல்வியால் விளையாட்டைக் கைவிடுவதில்லை. தோற்றபின் வீட்டில் காணும் முகங்களுக்கு அஞ்சியே கைவிடுகிறார்கள்.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் பணிவுடன் கூற விரும்புவன சில. எதிர்பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்பார்ப்பு அற்ற இடத்தில் முயற்சியும் வாடிவிடும். ஆனால் பலனை எதிர்பார்க்காமல் செயலை எதிர்பாருங்கள். காலையில் நேரத்தோடு எழுவதை, பயிற்சி தவறாமையை, தோற்றவரிடம் மரியாதையை எதிர்பாருங்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தின் நடுவே கட்டளை இடாதீர்கள். உங்கள் பிள்ளை, பிறர் பார்க்கும்போது விரைபவனா, தடுமாறுபவனா என்று கவனியுங்கள். தடுமாறுபவனாயின் சில காலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று பாருங்கள். திரும்பி வந்தவுடன் 'ஜெயித்தாயா?' என்று கேளாமல், 'இன்று என்ன நன்றாக வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். முதற்கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். அவற்றுள் ஒன்று அவனை ஊமையாக்கிவிடும். இரண்டாம் கேள்விக்குத் தோற்ற அன்றும் அவனிடம் விடை இருக்கும்.

உடலின் வலிமையை உழைப்பு வளர்க்கிறது. வளர்த்த வலிமையை உள்ளத்தின் தெளிவு திறந்துவிடுகிறது. அந்தத் தெளிவைக் கலக்காமல் இருப்பது மட்டுமே பார்த்திருக்கும் நம்முடைய கடமை. களத்தில் இறங்குபவர்களுக்கு நம் கண்கள் பாரமாகாமல் துணையாகுமாயின், அதுவே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.